உண்ணாத நேரத்திலும் பல் அரிக்கப்படுவது ஏன்? பாக்டீரியாக்களின் சர்க்கரைச் சேமிப்பும் பல் சொத்தையும்

முன்னுரை

பற்சிதைவு எனப்படும் பல் சொத்தை, உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் நோய்களுள் ஒன்றாகும். இனிப்பு உண்பதால் சொத்தை ஏற்படுகிறது என்பதை அனைவரும் அறிவர். ஆயினும், இனிப்பு உண்டு முடித்து வாயைக் கொப்பளித்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் முழுமையாகச் சரியன்று. பல்லின் மீது வாழும் பாக்டீரியாக்கள், நாம் உண்ணும் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தம் உடலுக்குள் சேமித்து வைக்கின்றன. உணவு கிடைக்காத நேரத்தில் அச்சேமிப்பை எடுத்துப் பயன்படுத்தி, அமிலத்தைத் தொடர்ந்து உண்டாக்குகின்றன.

இச்சேமிப்பு நடைபெறும் விதம், அதனால் பல்லுக்கு நேரும் தீங்கு, நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அன்றாடம் கடைப்பிடிக்க வேண்டியவை ஆகியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைக் கிளைக்கோஜன் போன்ற பொருளாகச் சேமித்து வைத்து, உணவில்லா நேரத்தைக் கடக்கின்றன.
• வாய் கொப்பளித்தால் வாயிலுள்ள சர்க்கரை நீங்கும். பாக்டீரியாவின் உள்ளே சேர்ந்த சர்க்கரை நீங்காது. அதனை அகற்றப் பல் துலக்குதல் அவசியம்.
• எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதோடு, ஒரு நாளில் எத்தனை முறை உண்கிறோம் என்பதும் முக்கியமாகும்.
• உறங்கச் செல்லும் முன் ஃப்ளூரைடு பற்பசை கொண்டு பல் துலக்கி, அதன்பின் தண்ணீரைத் தவிர வேறெதையும் உட்கொள்ளாதிருப்பது மிகச் சிறந்த பாதுகாப்பாகும்.

பாக்டீரியாக்கள் ஏன் சேமிக்கின்றன?

அறுவடைக் காலத்தில் குதிரில் நெல்லை நிரப்பி, விளைச்சலில்லா மாதங்களில் எடுத்து உண்பது நம் முன்னோர் வழக்கம். நம் உடலும் அவ்வாறே செயல்படுகிறது. உணவுக்குப் பின் இரத்தத்தில் மிகும் குளுக்கோஸைக் கல்லீரல் கிளைக்கோஜன் என்னும் பொருளாக மாற்றிச் சேமிக்கிறது. உண்ணாத நேரத்தில் அதனை மீண்டும் குளுக்கோஸாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. கல்லீரலிலுள்ள இப்பொருளை 1857-இல் பிரித்தெடுத்தவர் பிரெஞ்சு அறிவியலாளர் கிளாட் பெர்னார்ட் ஆவார்.

கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடு உள்ளது. சர்க்கரை மிகுதியாகக் கிடைக்கும்போது, உடனடித் தேவைக்குப் போக எஞ்சியதை அவை வீணாக்குவதில்லை. குளுக்கோஸ் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்து, கிளைகள் விட்ட பெரிய மூலக்கூறாக்கி, செல்லுக்குள் சிறு மணிகளாக வைத்துக்கொள்கின்றன. வெளியே உணவு தீர்ந்தவுடன், நொதிகளின் உதவியால் அச்சங்கிலியிலிருந்து குளுக்கோஸைச் சிறிது சிறிதாக விடுவித்து ஆற்றலைப் பெறுகின்றன.

எடுத்துக்காட்டாக, காலரா நோயை உண்டாக்கும் பாக்டீரியா, குடலில் சத்து மிகுந்திருக்கும்போது கிளைக்கோஜனைச் சேமிக்கிறது. மலத்தின் வழியே வெளியேறிச் சத்துக் குறைந்த நீரை அடையும்போது, அச்சேமிப்பு அது உயிர்தரித்திருக்க உதவுகிறது. பல் சொத்தையில் பங்குபெறும் பாக்டீரியாக்களுக்கும் இத்திறன் உண்டு.

வாயில் நிகழ்வது என்ன?

பல்லின் மேற்பரப்பில் மென்மையான, ஒட்டும் தன்மையுள்ள படலம் ஒன்று நாள்தோறும் உருவாகிறது. இது பற்படலம் எனப்படும். இதில் பல வகைப் பாக்டீரியாக்கள் கூடி வாழ்கின்றன. அவற்றுள் சொத்தையுடன் நெருங்கிய தொடர்புடையதாக நன்கு ஆராயப்பட்டது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் ஆகும். இதனை 1924-இல் பிரிட்டனைச் சேர்ந்த கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்து விவரித்தார்.

பற்படலத்திலுள்ள பாக்டீரியாக்களின் வாழ்க்கை, விருந்தும் பட்டினியும் மாறி மாறி வருவதாகும். நாம் இனிப்பு உண்ணும் சில நிமிடங்களில் அவற்றுக்குச் சர்க்கரை அளவின்றிக் கிடைக்கிறது. பின்னர் உமிழ்நீர் வாயைக் கழுவிவிடுவதால், அடுத்த உணவு வரை கிடைப்பது மிகக் குறைவு. இம்மாற்றத்தைத் தாங்கிக்கொள்ள அவை சர்க்கரையை மூன்று வகையில் பயன்படுத்துகின்றன.

1. உடனடிப் பயன்பாடு: சர்க்கரையின் பெரும்பகுதி உடனே நொதிக்கப்பட்டு, லாக்டிக் அமிலம் முதலான அமிலங்களாக மாறுகிறது.

2. உட்சேமிப்பு: எஞ்சிய சர்க்கரை, கிளைக்கோஜனை ஒத்த பொருளாக பாக்டீரியாவின் செல்லுக்குள் சேர்க்கப்படுகிறது.

3. வெளிச்சேமிப்பு: சாதாரணச் சர்க்கரையான சுக்ரோஸிலிருந்து, செல்லுக்கு வெளியே இருவகைப் பொருள்கள் உண்டாக்கப்படுகின்றன. அவற்றுள் ஃப்ரக்டான், சிறிது நேரத்துக்கான உணவுக் கையிருப்பாகப் பயன்படுகிறது. குளுக்கான், பசைபோல் செயல்பட்டுப் பாக்டீரியாக்களைப் பல்லோடு ஒட்டிவைக்கிறது.

உட்சேமிப்பின் முக்கியத்துவம் ஆய்வகச் சோதனைகளிலும் உறுதிப்பட்டுள்ளது. சேமிக்கும் திறனை இழந்த மியூட்டன்ஸ் பாக்டீரியாக்களை ஆய்வக விலங்குகளின் வாயில் செலுத்தியபோது, இயல்பான பாக்டீரியாக்கள் உண்டாக்கியதைவிடக் குறைவான சொத்தையே ஏற்பட்டது. அமிலத்தை உண்டாக்கும் திறனோடு, அதனை நீண்ட நேரம் தொடரும் திறனும் இக்கிருமியின் வலிமைக்குக் காரணம் என்பதை இது காட்டுகிறது.

அமிலத்துக்கும் உமிழ்நீருக்கும் இடையிலான போராட்டம்

பல்லின் வெளிப்பூச்சான எனாமல், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கடினப் பொருளாகும். பற்படலத்தின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து இத்தாதுக்கள் கரையத் தொடங்கும். பி.எச். அளவு குறையக் குறைய அமிலத்தன்மை மிகும் என்பதை நினைவில் கொள்க.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீபன் 1940-களில் இதனை அளந்து காட்டினார். சர்க்கரைக் கரைசலால் வாயைக் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே பற்படலத்தின் பி.எச். அளவு வேகமாக இறங்கியது. பின்னர் மெதுவாக ஏறி, பழைய நிலையை அடைய அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆயிற்று. சொத்தை மிகுதியாக உள்ளவர்களிடம் உணவுக்கு முன்பே பி.எச். அளவு தாழ்ந்திருந்தது. உண்ணாத நேரத்திலும் அமிலம் கசிந்துகொண்டிருப்பதற்கு, பாக்டீரியாக்களின் சேமிப்பு ஒரு காரணமாகும்.

இப்போராட்டத்தில் நமக்குத் துணை நிற்பது உமிழ்நீர். அது அமிலத்தைச் சமன்செய்கிறது. இழந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பி அளிக்கிறது. ஆகவே, தொடக்க நிலையில் தோன்றும் வெண்ணிறப் புள்ளி, குழி விழுவதற்கு முன் கவனிக்கப்பட்டால் மீண்டும் கடினமாகக்கூடும். குழி விழுந்த பின் அது தானாக அடைபடுவதில்லை.

எத்தனை முறை உண்கிறோம் என்பது ஏன் முக்கியம்?

ஒவ்வொரு முறை இனிப்பு உண்ணும்போதும் இரண்டு நிகழ்வுகள் நடைபெறுகின்றன: அமிலம் உண்டாகிறது, பாக்டீரியாவின் கையிருப்பும் நிரம்புகிறது. மணிக்கொரு முறை பிஸ்கட்டோ, இனிப்பிட்ட தேநீரோ, மிட்டாயோ உட்கொண்டால், உமிழ்நீர் பல்லைச் சீர்செய்யப் போதிய இடைவேளை கிடைப்பதில்லை. கையிருப்பும் தீர்வதில்லை.

இதற்கு வலுவான சான்று ஸ்வீடன் நாட்டிலிருந்து கிடைத்தது. லுண்ட் நகரிலுள்ள விபெஹோல்ம் எனும் நிறுவனத்தில் 1945 முதல் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 1954-இல் வெளியாயின. உணவு வேளையில் உணவோடு சேர்த்துச் சர்க்கரை பெற்றவர்களுக்குச் சொத்தை சிறிதளவே கூடியது. உணவு வேளைகளுக்கு இடையில், பல்லில் ஒட்டும் மிட்டாய்களை அடிக்கடி உண்டவர்களுக்கு அது பெருமளவில் கூடியது. அறிவுத்திறன் குறைபாடுடையோரிடம், அவர்தம் ஒப்புதலின்றி நடத்தப்பட்ட அவ்வாய்வு அறநெறிக்குப் புறம்பானது என்பதே இன்றைய மருத்துவ உலகின் நிலைப்பாடு.

மொத்த அளவையும் குறைப்பது அவசியம். சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சர்க்கரை, நாளொன்றின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. 5 விழுக்காட்டுக்குக் கீழே குறைத்தால் மேலும் நன்று எனவும் அறிவுறுத்தியது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு, 10 விழுக்காடு என்பது 50 கிராம், அதாவது ஏறத்தாழ 12 தேக்கரண்டி. 5 விழுக்காடு என்பது 25 கிராம், அதாவது ஏறத்தாழ 6 தேக்கரண்டி.

இரவு நேரத்தில் கூடுதல் கவனம் தேவை

உறக்கத்தின்போது உமிழ்நீர்ச் சுரப்பு மிகவும் குறைகிறது. எனவே, உறங்கும் முன் பாக்டீரியாக்களுக்குக் கிடைக்கும் சர்க்கரையே மிகுந்த தீங்கு விளைவிப்பதாகும். அதிலிருந்து உண்டாகும் அமிலத்தைக் கழுவி நீக்கப் போதிய உமிழ்நீர் இருப்பதில்லை.

இருமலுக்காகப் பனங்கற்கண்டு சேர்த்த பாலை இரவில் பருகிவிட்டு அப்படியே உறங்குவது பல இல்லங்களில் வழக்கம். பாலைப் பருகிய பின் பல் துலக்கிவிட்டு உறங்கச் செல்லுங்கள். இந்த ஒரு மாற்றமே பெரும் பயன் தரும்.

பல் துலக்குவது உணவுத் துகளை அகற்றுவதற்காக மட்டுமன்று. பற்படலத்தை அகற்றும்போது, பாக்டீரியாக்களும் அவை சேமித்து வைத்துள்ள சர்க்கரையும் ஒருசேர நீங்குகின்றன. வாய் கொப்பளிப்பதால் இப்பயன் கிட்டாது.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

கைக்குழந்தைகளும் சிறுவர்களும்: சர்க்கரை சேர்த்த பாலையோ பழச்சாற்றையோ புட்டியில் கொடுத்தபடி குழந்தையை உறங்க வைக்காதீர்கள். சூப்பானில் தேனோ சர்க்கரையோ தடவிக் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் எவ்வகையிலும் கொடுக்கக் கூடாது. சொத்தைக்கு அஞ்சித் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. முதல் பல் முளைத்தது முதல் பல்லைத் தூய்மை செய்து வந்தால் போதுமானது.

இனிப்பு மருந்து உட்கொள்ளும் குழந்தைகள்: வலிப்பு, ஆஸ்துமா முதலியவற்றுக்கு நீண்ட காலம் மருந்து உட்கொள்ளும் குழந்தைகளுக்குச் சர்க்கரையற்ற வடிவம் உள்ளதா என மருத்துவரிடம் கேளுங்கள். இல்லையெனில், மருந்து கொடுத்த பின் பல் துலக்கிவிடுங்கள். சொத்தைக்கு அஞ்சி மருந்தை நிறுத்துவதோ அளவைக் குறைப்பதோ கூடாது.

முதியோர்: ஈறு இறங்கி வெளித்தெரியும் பல் வேர், எனாமலைவிட எளிதில் கரையும். மிதமான அமிலமே அதற்குப் போதுமானது. ஆகவே, ஈறும் பல்லும் சேரும் இடத்தைக் கவனமாகத் துலக்க வேண்டும்.

வாய் வறட்சி உள்ளவர்கள்: தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், மனச்சோர்வு, ஒவ்வாமை முதலியவற்றுக்கான சில மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் உமிழ்நீர் குறையலாம். அடிக்கடி சிறிது தண்ணீர் பருகுங்கள். வறட்சியைப் போக்க மிட்டாயை வாயில் அடக்கி வைத்திருப்பதைத் தவிருங்கள். பல் மருத்துவரைக் கலந்து, கூடுதல் ஃப்ளூரைடு தேவையா என அறிந்துகொள்ளுங்கள்.

நீரிழிவு நோயாளிகள்: இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் தோன்றினால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். அது இரவானாலும், பல் துலக்கிய பின்னரானாலும் தயங்கக் கூடாது. நிலை சீரான பின் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, இயன்றால் பல் துலக்கிக்கொள்ளலாம். இத்தகைய நிலை அடிக்கடி நேர்ந்தால் மருந்தளவைச் சரிசெய்ய மருத்துவரை அணுகவும்.

படுக்கையிலுள்ள நோயாளிகள்: குழாய் வழியாக உணவு பெறுபவருக்கும் வாய்த் தூய்மை அவசியம். வாயில் பெருகும் பாக்டீரியாக்கள் மூச்சுக்குழாய்க்குள் சென்றால் நிமோனியா ஏற்படலாம். நோயாளியின் தலையை உயர்த்தி, முகத்தை ஒருபுறம் சாய்த்து, மென்மையான பல் துலக்கியால் நாளொன்றுக்கு இருமுறை துலக்கிவிடுங்கள். நீர் தொண்டைக்குள் செல்லாதவாறு துணியால் துடைத்தெடுங்கள். விழுங்க இயலாதவருக்கும் நினைவிழந்தவருக்கும் இதனைச் செய்யும் முறையைச் செவிலியரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

அன்றாடம் கடைப்பிடிக்க வேண்டியவை

• காலையிலும் இரவு உறங்கும் முன்னும் இரண்டு நிமிடங்கள் பல் துலக்குங்கள்.
• 1000 முதல் 1500 பி.பி.எம். ஃப்ளூரைடு உள்ள பற்பசையைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ளூரைடு, இழந்த தாதுக்கள் பல்லில் மீண்டும் படிய உதவுகிறது. பாக்டீரியாக்கள் அமிலம் உண்டாக்குவதையும் ஓரளவு தடுக்கிறது.
• மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் பற்பசை போதும். பெரியவர் ஒருவர் உடனிருந்து, பசையை விழுங்காமல் துப்பச் செய்ய வேண்டும்.
• துலக்கிய பின் பசையைத் துப்பிவிடுங்கள். மிகுந்த நீரால் கொப்பளிக்க வேண்டாம். ஃப்ளூரைடு பல்லில் சிறிது நேரம் தங்குவது நல்லது.
• இனிப்பு உண்ண விரும்பினால் உணவு வேளையோடு சேர்த்து உண்ணுங்கள். இடைவேளைகளில் தண்ணீர், சுண்டல், வறுத்த நிலக்கடலை, காய்கள் போன்றவற்றைத் தேர்ந்தெடுங்கள்.
• பற்களுக்கு இடையில் படியும் படலத்தை நூலாலோ அதற்குரிய சிறு தூரிகையாலோ அகற்றுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் போன்ற மாவட்டங்களில் சில பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுதியாக உள்ளது. அப்பகுதிகளில் வாழ்வோர், சிறு குழந்தைகளுக்கான பற்பசை குறித்துப் பல் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது நல்லது.

தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

"உபவாசம் இருந்தால் கிருமிகள் பட்டினியால் இறந்துவிடும்." இல்லை. சேமிப்பு தீர்ந்தாலும் அவை உமிழ்நீரிலுள்ள பொருள்களைக் கொண்டு வாழ்கின்றன. நோன்பு நாள்களிலும் பல் துலக்குவது அவசியம். இதே எண்ணத்தில், வயிற்றுப்போக்கு உள்ளவரைப் பட்டினி போடுவதும் தவறாகும். அதனால் கிருமியைவிட நோயாளியே மிகுதியாக நலிவடைகிறார். உப்புச் சர்க்கரைக் கரைசலுடன், எளிதில் செரிக்கும் உணவையும் தாய்ப்பாலையும் தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

"வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவை இயற்கையானவை, பல்லைப் பாதிக்காது." பாதிக்கும். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸே ஆகும். தேனிலுள்ள குளுக்கோஸையும் ஃப்ரக்டோஸையும் பாக்டீரியாக்கள் எளிதில் அமிலமாக்குகின்றன.

"பல்லில் உள்ள புழுவே சொத்தைக்குக் காரணம்." பல்லில் புழு ஏதும் இல்லை. அமிலத்தால் தாதுக்கள் கரைவதே குழிக்குக் காரணம்.

"பால் பற்கள் விழுந்துவிடும், கவனிக்கத் தேவையில்லை." பால் பல்லின் தொற்று, கடும் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும், கீழே வளரும் நிலைப் பல்லையும் பாதிக்கலாம். வலியால் குழந்தை உண்ணாமலும் உறங்காமலும் மெலியக்கூடும்.

"கரி, சாம்பல், செங்கல் தூள் கொண்டு தேய்த்தால் பல் உறுதிப்படும்." இவை எனாமலைத் தேய்த்துவிடும். வேப்பங்குச்சியைப் பயன்படுத்துவோர், இரவில் மட்டுமாவது ஃப்ளூரைடு பற்பசையைப் பயன்படுத்த வேண்டும்.

எப்போது பல் மருத்துவரை அணுக வேண்டும்?

பல்லில் வெண்ணிற அல்லது பழுப்பு நிறப் புள்ளி, குழி, இனிப்பு அல்லது குளிர்ந்த உணவால் கூச்சம், உணவு ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளுதல் ஆகியவை தோன்றினால் வலி வரும்வரை காத்திராதீர்கள். அரசு மருத்துவமனைகளிலுள்ள பல் மருத்துவப் பிரிவில் காண்பியுங்கள். தொடக்க நிலையில் ஃப்ளூரைடு பூச்சும், சிறு குழிக்கு நிரப்புதலும் போதுமானவை. தொற்று பல்லின் உட்கூழை அடைந்துவிட்டால் வேர்ச் சிகிச்சையோ பல்லை எடுப்பதோ தேவைப்படும். அந்நிலையில் ஆன்டிபயாடிக் மாத்திரை மட்டும் நோயைக் குணப்படுத்தாது. கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி உட்கொள்வதைத் தவிருங்கள். வலியுள்ள பல்லருகே ஆஸ்பிரின் மாத்திரையையோ புகையிலையையோ வைக்காதீர்கள். அவை ஈறைப் புண்ணாக்கும்.

பின்வரும் அறிகுறிகள் அவசர நிலையைக் குறிக்கின்றன:

• கன்னம், தாடைக்கு அடிப்பகுதி அல்லது கழுத்து வீங்குதல்
• வீக்கத்துடன் காய்ச்சல்
• வாயைத் திறக்கவோ உமிழ்நீரை விழுங்கவோ இயலாமை
• மூச்சுவிடச் சிரமம்

இவற்றுள் ஏதேனும் ஒன்று தென்பட்டால், மறுநாள் வரை காத்திராமல் நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேவைப்படின் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

வாயிலுள்ள பாக்டீரியாக்களை முற்றிலும் ஒழிப்பது இயலாது, அது தேவையுமில்லை. அவற்றின் கையிருப்பு நிரம்பும் வாய்ப்புகளைக் குறைப்பதும், நிரம்பியதை நாள்தோறும் துலக்கி அகற்றுவதும் நம் கையில் உள்ளன. இன்றிரவு உங்கள் இல்லத்தில் கடைசியாக உறங்கச் செல்பவர், குழந்தைகளும் முதியோரும் பல் துலக்கிவிட்டனரா என்பதைக் கேட்டறிந்து உறங்கச் செல்வாராக.